பெயர்ப்பலகை இல்லாத பணி



பிற மதத்தவர் முன்னின்று நடத்தும் பொதுப்பணியில் நாம் கலந்துகொள்ளலாமா என்ற வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. இதற்கான விடையை நபி (ஸல்) அவர்களின் இளமைப் பருவத்திலேயே காணலாம்.

யமனின் ஸபீத் பகுதியிலிருந்து மக்காவுக்கு வந்த வணிகர் ஒருவரிடம் பொருள் வாங்கிய ஆஸ் இப்னு வாஇல், உரிய விலையைக் கொடுக்க மறுத்தான். அந்த அந்நியருக்காகப் பேச ஆளில்லை. அப்போது குறைஷிக் கோத்திரத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் ஒன்றுகூடி, அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்புல் புழூல். நபித்துவத்துக்கு முன்னர், ஏறத்தாழ 20 வயதில், நபியவர்கள் அதில் பங்குகொண்டார்கள். தலைவராக அல்ல, பலருள் ஒருவராக. இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என அவர்கள் கூறியதை ஸீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. நாமோ, நமது சங்கத்தின் பதாகை இல்லாத இடத்துக்குச் செல்லத் தயங்குகின்றோம்!

2017இல் இலங்கையில் 186,000 பேர் வரை டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். சிரட்டையில் தேங்கிய நீரில் இடப்படும் முட்டை, ஏறக்குறைய பத்து நாட்களில் பறக்கும் நுளம்பாகிவிடுகின்றது. பள்ளிவாசல் வளவை மட்டும் துப்புரவாக்கிவிட்டு, அடுத்த ஒழுங்கையிலுள்ள கோவிலையும் பன்சலையையும் விட்டுவிட்டால் பயனென்ன? நமது வளவில் பெருகும் நுளம்பு அயலவரின் குழந்தையைக் கடித்தால் அதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லவா?

பெற்றோர்களே! பிள்ளையின் ஈமான் குறித்த உங்கள் கவலை நியாயமானதே. ஆயினும் வணக்க வழிபாடு வேறு, வடிகான் துப்புரவு வேறு. மார்க்கத்தின் பெயரால் நம்முடன் போரிடாதவர்களுக்கும் நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை ஸூரா மும்தஹினாவின் 8ஆம் வசனம் தெளிவுபடுத்துகின்றது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் பல ஊர்களில் வேலிக்கு மேலான பேச்சும் நின்றுபோனது. அதனை அறிக்கைகளால் மட்டும் மீட்க இயலாது.

ஆகவே இளைஞர்களே, அடுத்த சிரமதானத்துக்குப் பதாகையின்றி, மண்வெட்டியுடன் செல்லுங்கள். எங்கே தொடங்குவது என அங்குள்ள பெரியவரிடம் கேளுங்கள். லுஹர் நேரமானால் சொல்லிவிட்டுச் சென்று தொழுங்கள். தொழுகையைச் சாட்டாக வைத்து வீட்டுக்குப் போய்விடாமல், மீண்டும் வந்து எஞ்சிய வடிகானையும் முடித்துக் கொடுங்கள்.