மலை இறக்கமும் பிரேக்கின் வெப்பமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்திலிருந்து, 330 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கு குன்னூர் வழியாக இறங்கும் சாலையின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்தத் தொலைவுக்குள் ஒரு வாகனம் 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. நான்கு பேரும் அவர்களுடைய பைகளும் ஏறிய ஒரு சிறிய காரின் மொத்த எடையை 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தில் அதற்குள் சேர்ந்திருந்த ஆற்றல் 2 கோடியே 20 லட்சம் ஜூலுக்குச் சற்று அதிகம். 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும் 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். சமவெளி நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே காரை 48 முறை முழுமையாக நிறுத்தும்போது வெளிப்படும் வெப்பமும் ஏறத்தாழ இதற்குச் சமமே. இதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பும் டயர்களின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சின் தன் பங்கை ஏற்காவிட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். நீலகிரியில் கார் வைத்திருப்பவர் குறைந்த செலவில் பிரேக்கை மேம்படுத்த நினைக்கும்போது, எந்தப் பாகம் பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்பதைவிட, இந்த வெப்பம் எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் அது முதலில் கேடு விளைவிக்கிறது என்பதைத்தான் அறிந்திருக்க வேண்டும்.

இன்று ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் பொருத்தப்பட்டுள்ளன. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டே ரோட்டர் அல்லது டிஸ்க் எனப்படுவது. அதை இருபுறமும் கவ்வும் உராய்வுப் பொருள் பூசிய தகடுகள் பேட்கள். பேட்களைத் தாங்கிக்கொண்டு அவற்றை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி காலிப்பர். பெடலில் பாதம் தரும் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டு சேர்ப்பது, பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் என்று வழங்கும் திரவம். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் வெப்பத்தின் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்கே போகிறது. அவ்விரு டிஸ்க்குகளும் சேர்ந்து 10 கிலோ எடை இருப்பதாகக் கொண்டால், கார் 85 மீட்டர் உயரம் இறங்குவதற்குள், காற்று அவற்றைக் குளிரவைக்காத நிலையில், அவற்றின் வெப்பநிலை 200 டிகிரி உயர்ந்துவிடும். ஓடும் காற்று தொடர்ந்து குளிரவைப்பதால்தான் வண்டிகள் பத்திரமாகக் கீழே வந்து சேர்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஊர்ந்து, முன்னால் போகும் பசுந்தேயிலை லாரியின் பின்னால் பெடலில் இருந்து காலை எடுக்காமலே இறங்கும்போதோ, அந்தக் காற்றும் குறைந்துவிடுகிறது.

வெப்பம் மிகும்போது பிரேக் செயலிழப்பது இரண்டு விதமாக நிகழ்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது மிக அவசியம், ஏனெனில் இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகையில், பேடில் உள்ள உராய்வுப் பொருளைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவை வெளியிடுவதாலும் பேடின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடுவதாலும், பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்காது. இரண்டாம் வகையில், காலிப்பருக்குள் இருக்கும் திரவமே கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன; திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ அமுங்கிக்கொடுக்கும் என்பதால், பெடல் மெத்தென்று தரைவரை இறங்கிவிடும். முன்னது ஓரளவு எச்சரித்துவிட்டு வரும். பின்னது பெரும்பாலும் அடுத்த வளைவில்தான் தெரியவரும்.

இந்த மலையின் இறக்கத்தை வெறும் உராய்வை நம்பிக் கடக்க முடியாது என்பதை நூற்றாண்டுக்கும் முன்பே உணர்ந்து செயல்பட்டவர்கள் நீலகிரி மலை ரயிலை வடிவமைத்த பொறியாளர்கள். 1899-ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும் 1908-ஆம் ஆண்டு உதகை வரையிலும் ஓடத்தொடங்கிய அந்த ரயில், மலையடிவாரத்துக் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறி இறங்குகிறது. இறங்கும்போது நீராவி எஞ்சின் இழுக்கும் கருவியாக இல்லாமல் தடுக்கும் கருவியாக மாறுகிறது. அதன் சிலிண்டர்கள் காற்றை உள்ளிழுத்து அமுக்குவதால் பிஸ்டன்களுக்கு எதிர்ப்பு உண்டாகி வேகம் கட்டுப்படுகிறது. இதற்கும் மேலாகப் பெட்டிகளில் பிரேக்காளர்கள் நின்று, ஓட்டுநரின் ஊதல் குறிப்பைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கை இயக்குகின்றனர். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இந்தப் பாதையில் பயணம் செய்வோர் பலரும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்டைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பிரேக்காளர்களின் வேலையும் அதே அளவு கூர்ந்து பார்க்கத்தக்கது.

காருக்கும் அதே விதி பொருந்தும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது, எஞ்சினைத் தடுப்பானாகப் பயன்படுத்தும் முறையே. இரண்டாம் கியரில் இறங்கும் காரில் வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் வழியே வெளியேறிவிடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இன்றைய எரிபொருள் பீய்ச்சு எஞ்சின்கள், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகின்றன; நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிறது. ஆகவே அந்தப் பழக்கம் காசையும் மிச்சப்படுத்துவதில்லை, உயிருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுவது அதனினும் கொடிது. பெடலுக்கு உதவும் வெற்றிட விசை இரண்டு மூன்று அழுத்தங்களில் தீர்ந்துபோய்ப் பெடல் கல்லாகிவிடும். தானியங்கி கியர் உள்ள கார்களில் தாழ்ந்த கியரைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரக் கார்கள் இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பியே வேகத்தைக் குறைப்பவை. உதகையில் பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அந்த மின்சாரம் போக இடமின்றி, தொடக்க இறக்கத்தின் சுமை உராய்வுப் பிரேக்கின் மேலேயே விழும் என்பதால், அவற்றை முழுதாக நிரப்பாமல் புறப்படுவது நல்லது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்ததற்கும், சரிவுக்குப் பழகாத ஓட்டுநர்கள் பிரேக்கை மட்டுமே நம்பியதே முதன்மைக் காரணம்.

செலவு என்று வரும்போது, முதல் ரூபாய் போக வேண்டிய இடம் டிஸ்க்கும் அல்ல, பேடும் அல்ல, பிரேக் ஆயில்தான். கிளைக்கால் வகையைச் சேர்ந்த இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடிய அமைப்பாக இருந்தாலும் ரப்பர் குழாய்களின் வழியே ஈரம் மெல்லமெல்ல உட்புகுகிறது. டாட் 3 தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 4 தரத்துக்கு இந்த எண்கள் 230, 155. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தையும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தையும் நனைக்க, மூடுபனி இடைப்பட்ட மாதங்களையும் ஈரமாகவே வைத்திருக்கும் ஒரு மாவட்டத்தில், திரவத்தை மாற்றத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் இரண்டாண்டுக் கெடுவைத் தள்ளிப்போடுவது நியாயமாகாது. புதிய திரவம் தெளிந்த இளமஞ்சளாக இருக்கும். காரிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவுக்குள் அது பால் விடாத தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். டாட் 3 இட்டிருந்த காருக்கு டாட் 4 இடுவது, கார்க் கையேடு அனுமதிக்கும் பட்சத்தில், மிகச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் மிகப்பெரிய மேம்பாடு. நான்கு சக்கரங்களிலும் பழைய திரவத்தை வெளியேற்றி, குழாயில் காற்று தங்காமல் எடுத்துவிடும் வேலையை மட்டும் பழகிய மெக்கானிக்கிடம் விட வேண்டும். பெயரால் மயங்கி, சிலிக்கோன் வகையான டாட் 5 திரவத்தை இவற்றோடு கலந்துவிடக் கூடாது.

அடுத்தது பேட். பல பேட்களின் விளிம்பில் அச்சிடப்பட்ட நீண்ட குறியீட்டின் இறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து இயல்பான வெப்பத்திலும் இரண்டாம் எழுத்து மிகுந்த வெப்பத்திலும் அந்தப் பேடின் உராய்வுத் திறன் எவ்வளவு என்பதைக் குறிக்கின்றன. இ என்றால் உராய்வுக் கெழு 0.25-க்கும் 0.35-க்கும் இடையில், எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் அதற்கும் மேல். மலைக்கு முக்கியமானது இரண்டாம் எழுத்து. எஃப்-இ என்றிருக்கும் பேட் சூடானால் தளரும்; எஃப்-எஃப் என்றிருப்பது தன் பிடியைத் தக்கவைத்துக்கொள்ளும். உலோகத்தூள் மிகுந்த பேட்கள் வெப்பத்தை நன்கு தாங்கினாலும் சற்று ஓசை எழுப்பி டிஸ்க்கையும் விரைவில் தேய்க்கும். பந்தயத்துக்கென விற்கப்படும் பேட்களோ சூடேறிய பிறகுதான் பிடிக்கும் என்பதால், உதகையின் மார்கழிக் காலையில் முதல் திருப்பத்திலேயே ஏமாற்றிவிடக்கூடும். இதற்காக வெளிநாட்டுப் பேட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னை பாடியில் 1962 முதல் பிரேக் தயாரிக்கும் பிரேக்ஸ் இந்தியாவும், ரானே, சுந்தரம் ஆகிய பெயர்களில் உராய்வுப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களும் கார்த் தொழிற்சாலைகளுக்கே பேட் வழங்கிவருபவை. அதே தரத்துச் சரக்கு உதிரிபாகக் கடைகளில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. போலிச் சரக்கு வராதபடி பில்லோடு வாங்குவது மட்டுமே இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய சிரமம். தேய்ந்து மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்காமல் நேராகத் திரவத்துக்கு அனுப்பிவிடும் என்பதால், மலையில் ஓடும் காரில் உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்கு வந்தவுடனே மாற்றிவிட வேண்டும்.

டிஸ்க்கை மாற்றுவது இவற்றுக்குப் பிறகே. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். அளவுகோலால் அளந்து பார்க்கும்போது, தேயாத விளிம்பு மேடிட்டு நிற்கும் என்பதால், நடுப்பகுதியின் தடிமனையே கணக்கில் கொள்ள வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே போன டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமன்செய்து ஓட்டுவது சிக்கனமாகாது. மெலிந்த இரும்பு குறைந்த வெப்பத்தையே தாங்கும். துளையிட்ட டிஸ்க்குகள் பார்வைக்குப் பந்தயக் காரை நினைவூட்டும். ஆனால் வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் இரும்பைத் துளைகள் குறைத்துவிடுவதோடு, திரும்பத்திரும்பச் சூடேறிக் குளிரும்போது விலை மலிந்த டிஸ்க்குகளில் துளையோரங்களிலிருந்தே வெடிப்புகள் தொடங்குகின்றன. அதே பணத்துக்குத் துளையில்லாத தரமான டிஸ்க் இரண்டு வாங்கிவிடலாம். உண்மையான முன்னேற்றம் வேண்டுமென்றால், இரு தட்டுகளுக்கு நடுவே காற்று ஓடும் இடைவெளி கொண்ட, காற்றோட்ட டிஸ்க் எனப்படும் வகையை, அதே மாடலின் உயர்ந்த ரகத்தில் தொழிற்சாலையே பொருத்தியிருந்தால், அதற்குரிய காலிப்பரோடு சேர்த்து மாற்றலாம். வேறொரு காரின் காலிப்பரை வெட்டி ஒட்டிப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்கீழ் சிக்கலை வரவழைப்பதோடு, முன்பின் பிரேக்குகளின் சமநிலையையும் குலைக்கும்.

டிஸ்க்குக்குச் செலவிடும் ஆர்வத்தில் பின்சக்கர டிரம்கள் மறக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. எஸ்டேட்டுகளின் மண்சாலையில் ஓடும் கார்களில் சேறும் துருவும் டிரம்முக்குள் சேர்ந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்கள் சரியாக விரியாமல் போகும்போது, அவை செய்யாத வேலையையும் முன் டிஸ்க்குகளே சுமக்க நேர்கிறது. முன்பக்கத்திலும், காலிப்பர் வழுக்கி நகரும் பின்களைச் சுத்தம்செய்து, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் இடுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகமில்லை. அதைச் செய்யாமல் விட்டு அந்தப் பின்களில் ஒன்று சிக்கிக்கொண்டால் ஒரு பேட் மட்டும் எந்நேரமும் உரசிக்கொண்டே எரியும்.

புதிய பேடும் டிஸ்க்கும் பொருத்திய கையோடு குன்னூர் இறக்கத்தில் இறங்கிவிடக் கூடாது. பேடின் உராய்வுப் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிவதற்கு, சமதளத்தில், வாகன நெரிசல் இல்லாத நேரத்தில், மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 15 வரை எட்டு, பத்து முறை மிதமாக வேகத்தைக் குறைத்து, முழுமையாக நிறுத்தாமல், பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் குளிரவிட வேண்டும். சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தியபடி நிறுத்திவைத்தால் அந்த இடத்தில் பொருள் திட்டாகப் படிந்து, பின்னாளில் பெடலில் உணரப்படும் அதிர்வாக வெளிப்படும். டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்லப்படும் பல நேர்வுகளில் உண்மையில் இருப்பது இந்தத் திட்டுதான். முதல் இறக்கம் முடிந்து கல்லாற்றில் வண்டியை ஓரங்கட்டியதும், சக்கரங்களைத் தொடாமல் அவற்றின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனால் வெப்பம் தெரியும்: முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் சூடாக இருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது, ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் சிக்கியிருக்கிறது. சூட்டைத் தணிக்கச் சிலர் டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். திடீரெனக் குளிரும் வார்ப்பிரும்பு கோணவோ வெடிக்கவோ செய்யும் என்பதால், அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி, சமதளமாயின் கைப்பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துத் தானாக ஆற விடுவதே முறை.