டாவோஸ், 1929



1929-ஆம் ஆண்டு தத்துவ உலகில் எத்தனையோ நடந்தது.    அவற்றில் ஒன்றைப் பார்க்க டாவோஸுக்குப் போவோம்.

சுவிட்சர்லாந்து மலையில், அந்தக் காலத்தில் காசநோய்க்காரர்கள் உடம்பு தேறப் போன ஊர் அது. முதல் உலகப் போரில் அடித்துக்கொண்ட ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் படிப்பு விஷயத்திலாவது ஒன்றாக உட்காரட்டும் என்று அங்கே பல்கலைக்கழக வகுப்புகள் நடத்தினார்கள். அந்த வசந்தத்தில் அங்கு நேருக்கு நேர் வாதிட்ட தத்துவவாதிகள் இருவர். ஒருவர் ஹாம்பர்க் பேராசிரியர் எர்ன்ஸ்ட் காசிரர். வயது 54, யூதர், நரைத்த தலை, நிதானமான பேச்சு. மற்றவர் மார்ட்டின் ஹைடெக்கர். வயது 39, மாணவர்களைக் கிறங்கடித்தவர். மாலையில் மற்றவர்கள் பகட்டாக உடுத்தி வர, இவர் பனிச்சறுக்கு உடையிலேயே வந்து நிற்பார்.

பேச்சு என்னவோ தத்துவவாதி கான்ட்டைப் பற்றித்தான். அடியில் கிடந்த கேள்வி, மனிதன் என்பவன் யார் என்பது. சாகப் பிறந்தவன்தான், ஆனாலும் மொழி, கலை, அறிவியல் என்று தான் படைத்தவற்றின் வழியே தன் எல்லையைத் தாண்டுகிறான் என்றார் காசிரர். ஹைடெக்கரோ, மனிதனைத் தன் விதியின் கடுமைக்குள் திருப்பித் தள்ளுவதே தத்துவத்தின் வேலை என்றார்.

இளைஞர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். மாணவர்கள் ஒரு கேலி நாடகமும் போட்டார்கள். காசிரர் வேடம் கட்டியவர் இம்மானுவேல் லெவினாஸ். 23 வயது, லிதுவேனியா யூதர், ஹைடெக்கரின் மாணவர். கருகருவென்றிருந்த தலைமுடியில் வெள்ளைப் பொடியை அப்பிக்கொண்டு, காசிரரின் சாதுத்தனத்தைக் கிண்டலடித்தார்.

வென்றது ஹைடெக்கர்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளி சொன்னதில் தனக்கும் சம்மதமான இடம் எது என்று தேடும் பொறுமை காசிரரிடம்தான் இருந்தது.

அதே ஆண்டு காசிரர் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டர் ஆனார். 1933-இல் ஹிட்லர் வந்ததும் நாட்டை விட்டே போனார். அந்த 1933-இல்தான் ஹைடெக்கர் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டர் ஆகி, நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் லெவினாஸ் போர்க்கைதியானார். லிதுவேனியாவில் இருந்த அவருடைய பெற்றோரும் சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். டாவோஸில் கட்டிய அந்த வேடத்துக்காகப் பிற்காலத்தில் மிகவும் வருந்தினார் லெவினாஸ்.