தலைமன்னார்த் துறை நிலையம்

எம்பிலிப்பிட்டிய நகரின் பக்கத்தே சந்திரிகா வாவி உண்டு. சற்று அப்பால் உடவளவை நீர்த்தேக்கமும் உண்டு. புகையிரத நிலையம் மட்டும் அந்நகருக்கு வாய்க்கவில்லை. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டி, 1919இல் ஓபநாயக்கவோடு நின்றுவிட்டது.

ஆயினும் அச்சிறு பாதை சப்பிரகமுவத் தோட்டத் தமிழரை ஒரு கடல்துறையோடு பிணைத்திருந்தது. தமிழகம் செல்பவர் இரண்டடி ஆறங்குல அகலப் பாதையில் ஊர்ந்து கொழும்பை அடைவார். அங்கே ஐந்தடி ஆறங்குலப் பாதைக்கு மாறித் தலைமன்னார் சேர்வார். கடலைக் கடந்து தனுஷ்கோடியில் மீற்றர் பாதை வண்டியில் அமர்வார். மூன்று அகலத்துத் தண்டவாளங்களும் ஒரு கடலும்! மூட்டைகளை ஏற்றி இறக்கியே தோள் சலித்துப் போகும்.

தலைமன்னார்த் துறை நிலையம் ஊருக்காக எழுந்ததன்று, கப்பலுக்காக எழுந்தது. 1914இல் பாம்பன் பாலமும் இப்பாதையும் திறக்கப்பட்டபின், இருபத்திரண்டு மைல் கடலே இரு நாட்டு இருப்புப்பாதைகளுக்கும் இடையே எஞ்சிற்று. முந்திய தலைமுறையினர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். பின் வந்தோர் மண்டபம் முகாமில் தங்கி நோய்ச் சோதனைக்கு உட்பட்டு, கப்பலேறி, இத்துறையில் வண்டி பிடித்தனர். கூலித் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை 1939இல் இந்திய அரசு தடுத்தபின் வருகை குன்றிற்று.

1964ஆம் ஆண்டு இத்துறையின் போக்கையே மாற்றிவிட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்பாடு பேசிக்கொள்ளப்படும் என்றார்கள். மனிதரை எண்ணிப் பங்கிட்ட கணக்கு இது. கணக்கிடப்பட்டவரின் விருப்பம் அம்மேசையில் கேட்கப்படவில்லை. இரு மாதம் கழியுமுன், டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டியையும் கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது.

இரத்தினபுரித் தோட்டங்களில் பிறந்து, தேயிலையும் இறப்பருமன்றி வேறு தொழில் அறியாதார், கண்டிராத ‘தாயகத்திற்கு’ அனுப்பப்பட்டனர். அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டு. ஒரே லயத்தில் இப்படி ஆன குடும்பங்கள் பல. வழியனுப்ப வந்தவர் மேடையில் நின்று ஒப்பாரி வைத்தனர். சாவுக்கு அழும் அழுகை அது; போனவர் திரும்பார் என்பதை இருபாலாரும் அறிந்திருந்தனர். ‘இராமானுஜம்’ கப்பல் அவர்களைச் சுமந்தது. பாட்டன் பிழைப்புத் தேடி வந்திறங்கிய அதே துறையில், பேரன் பெட்டியோடு கப்பலுக்காகக் காத்து நின்றான்.

பின்னர் 1976இல் இரத்தினபுரி வழிச் சிறு பாதை மூடப்பட்டது. 1980களில் கப்பல் நின்றது. 1990இல், போரினால் தலைமன்னார் வண்டியும் நின்றது. பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச் 14இல் வண்டி துறைக்கு வந்து சேர்ந்தது. அதற்காகக் காத்திருக்கக் கப்பல் எதுவும் அங்கே இல்லை.