மறைவிடத்து நிறமும் வெளுப்புக் களிம்பும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பலர் தம் வீட்டாரிடமும் சொல்லக் கூசும் ஒன்று. அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பைச் சூழ்ந்த பகுதி ஆகியவை கறுத்திருப்பதாக எண்ணி வருந்தி, அவற்றை வெளுக்கச் செய்யும் களிம்புகளை நாடுவோர் உளர். 2012ஆம் ஆண்டில், மறைவிடத்தைக் கழுவி வெளுப்பாக்கும் என்று கூறிய ஒரு திரவத்தின் விளம்பரம் நம் நாட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. முகங்கொடாத கணவன், மனைவி அதனை உபயோகித்ததும் மனம் மாறுவதாகக் காட்டினார்கள். கண்டனம் பலமாக எழுந்தது. ஆயினும் அவ்வகைச் சரக்குகள் இன்றும் விற்பனையாகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஓர் இளம்பெண் என்னிடம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், மணமாகி ஓராண்டு. இந்தியும் மராத்தியும் பேச வராது. மருத்துவரிடம் போய் இதை எந்த மொழியில், எப்படிச் சொல்வது என்று தயங்கி, அடுத்த வீட்டார் சொன்ன களிம்பைக் கடையில் வாங்கி மூன்று மாதம் தடவியிருக்கிறார். முதலில் நிறம் சற்று வெளுத்தது உண்மையே. பிறகு தோல் மெலிந்து சிவந்தது, கோடுகள் விழுந்தன, படர்தாமரை வயிறு வரை ஏறியது. அவர் காட்டிய ட்யூபில் இருந்த பெயர் குளோபெட்டசால். ஸ்டீராய்டு மருந்துகளுள் மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது அது. "உங்கள் கணவர் ஏதேனும் குறை சொன்னாரா?" என்று கேட்டேன். "அவர் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்" என்றார்.

அவ்விடங்கள் கறுத்திருப்பது இயற்கை. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. பருவம் எய்தியபின் உடலில் ஊறும் ஹார்மோன்கள் அந்தப் பகுதிகளில் அதனை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. கருவுற்ற காலத்தில் இன்னும் மிகும். ஆடை உராய்வதாலும், மயிர் மழிப்பதாலும் கருமை கூடும். சிவந்த மேனியருக்கும் அவ்விடம் மற்ற இடங்களைவிடக் கறுத்தே இருக்கும்.

மறைவிடத்துத் தோலோ மிக மெல்லியது. எப்போதும் வெப்பமும் ஈரமும் கொண்டது. ஆண்களின் விதைப்பையின் தோல், முன்கைத் தோலைக் காட்டிலும் ஏறத்தாழ 40 மடங்கு ஸ்டீராய்டை உள்ளே ஈர்க்கும் என்று 1967இலேயே ஆராய்ந்து கண்டனர். முகத்திற்கே ஆகாத மருந்து அங்கே என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். நோயெதிர்ப்பை அது அடக்கிவிடுவதால், ஈரத்தில் வளரும் காளானுக்குக் கொண்டாட்டம்.

சில களிம்புகளில் பாதரசமும் கலந்திருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை சிறுநீரகம் பழுதுற்று வந்தோரை ஆராய்ந்த மருத்துவர்கள், ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயுற்ற 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று கண்டனர். அவர்கள் பூசியது மேனிக்குத்தான். ஆயினும் மெல்லிய தோல் வழியே பாதரசம் புகுவது இன்னும் எளிது. லேசர் சிகிச்சையும் உண்டு. பணம் மிகுதியாகச் செலவாகும். நம்மவர் தோலில் சூடுபட்டால் முன்னிலும் கறுத்துவிடுவதுண்டு.

ஒன்றை மட்டும் அசட்டை செய்யலாகாது. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் கறுத்தால், அது உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். அதைத் தேய்த்து வெளுக்க முயல்வோர் நீரிழிவின் முன்னறிவிப்பை அழிக்கப் பார்க்கின்றனர். சர்க்கரையைச் சோதித்துப் பார்த்து, உடல் எடையைக் குறைத்தால் கருமையும் மெல்ல மங்கும்.

அந்தப் பெண்ணுக்குப் படர்தாமரை நீங்க ஐந்து மாதம் ஆயிற்று. தொடையில் விழுந்த கோடுகள் மறையவில்லை.

ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் அரசு விதித்தது. சீட்டு வேண்டிய மருந்தின் உறையில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மொழி தெரியாதவரும் அதைக் கண்டுகொள்ளலாம். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பே பூசத் தொடங்கியவர்கள் அந்த ட்யூபை எறிந்துவிடாமல், மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். அதைக் கண்டாலே அவருக்குப் பாதி விளங்கிவிடும். நீங்கள் அதிகம் பேச வேண்டியிராது.