மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாதது ஏன்?



"மூணு மாசமா சத்து மாத்திரை விடாம முழுங்கறேனுங்க, ரத்தம் ஏறமாட்டேங்குதுங்க" என்று சில கர்ப்பிணிகள் சொல்வதுண்டு. உடனே மாமியார், "எங்காச்சும் வீசி எறிஞ்சிருப்பா" என்பார். எப்போதும் அப்படி இல்லை.

ரத்தத்தின் சிவப்பு அணு எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. அதன் ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுவை மண்ணீரல் உடைத்து, அதிலுள்ள இரும்பைப் புது அணுவுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இப்படித் தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு திரும்பி வருகிறது. சாதாரண நாளில் குடல் ஏற்றுக்கொள்வதோ 1, 2 மில்லிகிராம்தான்.

காசநோய், ஆறாத புண், முடக்குவாதம் போன்ற நாள்பட்ட தொல்லை இருந்தால், வெள்ளை அணுக்கள் ஈரலுக்குச் சேதி அனுப்பும். ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தும் மதகை அடைத்தால் வயலுக்கு என்ன வரும்? ஹெப்சிடின் அடைப்பது இரும்பின் மதகை. குடலிலும் அடைபடும், பழைய அணுவை உடைக்கும் இடத்திலும் அடைபடும்.

கிருமிக்கும் இரும்பு வேண்டும். அதைப் பட்டினி போடவே உடம்பு இப்படிச் செய்கிறது. கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் மாதக்கணக்கில் நீடித்தால் பட்டினி நமக்கு. மஜ்ஜையின் வேலை மந்தப்படும். இருக்கிற அணுக்களும் காலத்துக்கு முன்பே அழியும்.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பலருக்கு இரும்புச்சத்துக் குறைவே காரணம். ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். டீத்தண்ணியோடு மட்டும் முழுங்க வேண்டாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. 7-க்கும் கீழே போனால், பிரசவத்தில் சற்று அதிகமாக உதிரம் போனாலே தாயின் உயிருக்கு ஆபத்து.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் "வேலை அலுப்பு" என்று விட்டுவிடாதீர்கள். நீர்க்கடுப்பு அடிக்கடி வந்தால் "சூடு" என்று இளநீரோடு நிறுத்திவிடாதீர்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். "மாத்திரை சாப்பிட்டும் ஏறலீங்க, வேற என்ன காரணம்னு பாருங்க" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.