மூப்பில் வேண்டுவது தெளிந்த மதியா, திடமான மெய்யா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வயோதிக காலத்தில் தெளிந்த புத்தியும் திடமான தேகமும் ஒருங்கே வாய்ப்பது பெரும் பாக்கியம். அவற்றுள் ஒன்றே கிடைக்குமெனின் எதனை வேண்டுவது? இதுவே இன்று நமக்கு அளிக்கப்பட்ட விஷயம். இது வாதத்துக்குரிய வினாவாகத் தோன்றினும், நம் மரபினர் இல்லங்கள் பலவற்றில் கூடத்துக் கட்டிலிலும் பின்கட்டு அறையிலும் உயிரோடு கிடக்கும் வினாவாகும். ஆதலின் இதனை நம் வீட்டுக் காரியமாகவே கொண்டு ஆராய்வோம்.

நாம் நன்கறிந்த பெரியவர் இருவர். ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது ஆண்டுகள் கட்டிலிலேயே கிடந்தார். பேரப்பிள்ளைகள் கணக்குக் கேட்பதும், பங்காளிகள் பாகப் பிணக்கிற்குத் தீர்ப்புக் கேட்பதும் அக்கட்டிலருகேதான். மற்றொருவர் எண்பத்திரண்டு வயதிலும் நாள்தோறும் மூன்று மைல் நடந்தவர். மருந்து இன்னதென்று அறியாதவர். அவரோ தம் மனைவியாரை நோக்கி, "அம்மா, தாங்கள் எந்த வீட்டார்?" என்று வினவினார். ஓரிரவு தாழ்ப்பாளை நீக்கி வெளியேறியவரை, விடியற்காலையில் நெடுந்தொலைவில் கண்டு அழைத்து வந்தனர். அவர் கால்களின் வலிமையே வீட்டாருக்குக் கவலையாயிற்று.

அவ்விருவரின் மனைவியரையும் நாம் கண்டோம். முதலாமவர், "தூக்கித் தூக்கி என் முதுகு ஒடிந்தது, ஆனால் நான் உண்டேனா என்று கேளாமல் அவர் உறங்கினதில்லை" என்றார். இரண்டாமவர், "அவர் இருக்கின்றார், எனக்குத்தான் துணையில்லை" என்றார். இவ்விரு மொழிகளையும் கேட்டபின் நமக்கு ஐயமில்லை. ஒன்றே கிடைக்குமெனின் மதியையே வேண்டுவோம்.

உலக வாழ்விலும் இதற்குச் சான்றுகள் உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1855-இல் பிறந்து, 1940-இல் தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942-இல் காலமாகும் வரையில் எழுதி வந்தார்கள். ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில் தம் இளமைக்கால ஆசிரியரையும் ஊர்களையும் நினைவிலிருந்து எடுத்துத் தந்த மதியன்றோ அது! அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரொனால்டு ரீகனோ, குதிரையேற்றத்திலும் விறகு பிளத்தலிலும் விருப்பமுள்ள திடகாத்திரர். தம்மை மறதி நோய் பற்றியதென்று 1994-இல் நாட்டாருக்குத் தம் கைப்படவே கடிதம் எழுதி, 2004 வரையில் வாழ்ந்தார். நோயை மறையாது உரைத்த அத்துணிவு நாம் கற்கத் தக்கது.

ஏனெனில் நம்மவரிடையே இந்நோயை மறைப்பதே வழக்கமாயிருக்கின்றது. சம்பந்தம் பேச வருவோர் காணலாகாதென்று, பெற்ற தகப்பனைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்துகின்றோம். இது சாபமுமன்று, குலத்துக்கு இழுக்குமன்று. 1906-இல் ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் ஆல்ஸைமர், இவ்வாறு நினைவிழந்து இறந்த ஒரு மாதின் மூளையைச் சோதித்து, அதிலுண்டாகிய மாறுதல்களை விளக்கினார். மூளையும் தேகத்தின் ஓர் உறுப்பே. கண்ணில் புரை படர்வது போல அதற்கும் நோய் வரும்.

நிற்க. இங்கேதான் நம் வினாவின் பிழையும் வெளிப்படுகின்றது. மதியையும் மெய்யையும் துலாக்கோலின் இரு தட்டுக்களில் வைத்துப் பேசினோம். இயற்கையோ அவற்றை ஒரே இரத்தக் குழாயால் பிணைத்திருக்கின்றது. லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நீக்கக்கூடிய காரணங்கள் 14 என்று கூறி, அவையனைத்தும் நீங்கின் இவ்வகை நோய்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பங்கைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடுமென்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், மிகுந்த மது, உடலுழைப்பின்மை, கேள்விக் குறைவு, தனிமை முதலியன அவற்றுட் சில. எனவே, எண்பதில் மதி வேண்டுவோர் நாற்பதிலேயே மெய்யைப் பேண வேண்டும். செவி மந்தமான பாட்டனாரைக் கண்டு நகைக்கின்றோமே. அவருக்கொரு செவிக்கருவி வாங்கித் தருவது அவர் மதிக்கும் காவலாகும்.

இன்னுமொன்று. உயில் எழுதுபவர் தெளிந்த சித்தமுடையவராயிருத்தல் வேண்டுமென்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிறருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரமும், கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழப்பின் செல்லாதொழியும். காலந்தாழ்த்திக் கைநாட்டு வாங்கிய பத்திரங்களால் உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறியதை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின், எழுத வேண்டியவற்றை அறிவு ஒளியோடிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

சகோதரர்களே! நம் சங்கத்தார் முதியோருக்கு வேட்டி புடைவை வழங்குகின்றனர், அது நன்றே. அதனினும் நன்று, வாரம் ஒருமுறை அவர்கள் அருகமர்ந்து ஒரு நாழிகை பேசுதல். மறதியுற்ற முதியவரைக் காக்கும் மாதருக்கு மாதத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கிடைக்கும்படி, உறவினர் முறைவைத்து அவ்வீட்டிற்குச் செல்லுதல் வேண்டும். அம்முதியவர் நம்மை அறியாராயினும், அவரை நாம் அறிவோமன்றோ! அவர் இழந்த நினைவை அவருக்காக நாம் வைத்திருப்பதே உறவு என்பதற்குப் பொருள்.