காப்பியத்தில் ஏறாத கப்பல்

 

பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஐரோப்பியரின் கடற்பயணங்களையும் அவற்றின் வழியே எழுந்த பேரரசுகளையும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். வரலாற்றாசிரியர்கள் இப்பொருளைக் கப்பல், பீரங்கி, மிளகு என்னும் மூன்று சொற்களில் அடக்கிவிடக்கூடும். கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் நான்காவதாக ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். அது பாட்டு. பேரரசை நிறுவுவது வாள் என்றாலும், அதைப் பின்வரும் தலைமுறைகளின் நெஞ்சில் நிறுத்துவது கவிஞனின் சொல். அக்கவிஞன் எதைப் பாடினான், எதைப் பாடாது விட்டான் என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி. அதற்காகப் போர்ச்சுக்கீசியக் காப்பியம் ஒன்றையும், அக்காப்பியத்தில் ஏறாத கப்பல் ஒன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

1497ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களோடு லிஸ்பனிலிருந்து புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, கீழைக்கரையின் மலிந்தித் துறைமுகத்தில் வழிகாட்டி ஒருவரைப் பெற்று, 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்டார். சாமூதிரி மன்னருக்கென அவர் எடுத்துவைத்த காணிக்கையில் துணிகளும், தொப்பிகளும், பவளச் சரங்களும், கைகழுவும் பாத்திரங்களும், சர்க்கரையும், எண்ணெயும், தேனும் இருந்தன. அதைப் பார்வையிட வந்த அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டனர். மெக்காவிலிருந்து வரும் மிக எளிய வணிகன்கூட இதனினும் மேலானதைத் தருவானே என்றனராம். பொன்னும் பட்டும் குவிந்து கிடந்த ஒரு பெருஞ்சந்தையின் வாயிலில், வறிய விருந்தாளியாகத்தான் ஐரோப்பா வந்து நின்றது. திரும்பும் வழியில் ஸ்கர்வி நோய் மாலுமிகளைத் தின்றது. ஏறத்தாழ 170 பேர் புறப்பட்ட அப்பயணத்தில் ஊர் சேர்ந்தவர் மூன்றில் ஒரு பங்கினரே.

இந்தப் பயணத்தைத்தான் லூயிஸ் டி கமோயன்ஸ் காப்பியமாக்கினார். 'ஓஸ் லூசியாடஸ்' என்பது அதன் பெயர். லூசு என்னும் தொன்மத் தலைவனின் வழிவந்தோர், அதாவது போர்ச்சுக்கீசியர் என்பது பொருள். 1572இல் அச்சேறிய அக்காப்பியம் பத்துக் காண்டங்களும், எட்டடிச் செய்யுட்கள் 1,102உம் கொண்டது. கமோயன்ஸ் அரண்மனைச் சாளரத்திலிருந்து கடலைப் பார்த்தவர் அல்லர். ஆப்பிரிக்கக் கரையின் சியூட்டாவில் போர்வீரராக இருந்து ஒரு கண்ணை இழந்தவர். லிஸ்பன் வீதியில் அரண்மனைப் பணியாளர் ஒருவரைக் காயப்படுத்திச் சிறைப்பட்டு, மன்னிப்புப் பெற்று, 1553இல் கோவாவுக்குக் கப்பலேறியவர். மேகாங் ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பல் உடைந்தபோது கையெழுத்துப்படியைக் காத்துக்கொண்டு கரையேறினார் என்பது வழிவழிச் செய்தி. நனைந்த தம் பாடல்களைப் பற்றிக் காப்பியத்துக்குள்ளேயே அவர் குறிப்பிடுகிறார். பதினேழு ஆண்டுகள் அலைந்து 1570இல் தாயகம் திரும்பியபோது அவரிடம் இருந்த செல்வம் அந்தக் காப்பியம் ஒன்றே.

இத்தகைய கவிஞர் வெறும் புகழ்மாலை கட்டியிருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. நான்காம் காண்டத்தில் கப்பல்கள் புறப்படும் வேளை. தாய்மாரும் மனைவியரும் கரையில் நின்று அழுகின்றனர். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் குரலெழுப்புகிறார். புகழாசை, ஆட்சியாசை என்னும் மயக்கத்தில் நாட்டை ஆளற்றதாக்கப் போகிறீர்களே என்று இடித்துரைக்கிறார். வெற்றிக் காப்பியத்தின் நடுவே அவ்வெற்றியையே பழிக்கும் குரலுக்கு இடம் கொடுக்கப் பெரிய மனம் வேண்டும். ஆயினும் அம்முதியவர் சொல்வதை இறுதிவரை கேட்க வேண்டும். பகைவன் பக்கத்திலேயே இருக்க, தொலைவில் ஏன் தேடுகிறீர்கள் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. போரை அவர் மறுக்கவில்லை, தொலைவை மறுக்கிறார். அவர் கண்ணீர் லிஸ்பன் கரையின் தாய்மாருக்கு உரியது.

ஐந்தாம் காண்டத்தில் நன்னம்பிக்கை முனையே அடமஸ்தோர் என்னும் அரக்கனாக எழுந்து நிற்கிறது. என் கடலின் மறைபொருளைத் திறந்தவர்களே, இதற்கு விலை கொடுப்பீர்கள் என்று முழங்குகிறது. அந்த விலையாக அது முன்னுரைப்பது, 1552இல் அக்கரையில் கப்பல் உடைந்து, குழந்தைகளைப் பசிக்குப் பறிகொடுத்துத் தாமும் மடிந்த ஒரு போர்ச்சுக்கீசியத் தம்பதியரின் துயரம். பத்தாம் காண்டத்தில் ஆளுநர் அல்புகெர்க்கின் கொடுமையைக் கவிஞர் அஞ்சாது கண்டிக்கிறார். எதற்காக? அடிமைப்பெண் ஒருத்தியோடு உறவு கொண்டான் என்பதற்காகத் தம் படைவீரன் ஒருவனை அவர் தூக்கிலிட்டார் என்பதற்காக.

இம்மூன்று இடங்களையும் ஒருசேரப் பாருங்கள். கமோயன்சிடம் அருள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அருள் தம் மக்கள் நிற்கும் கரையோடு நின்றுவிடுகிறது. மறுகரை மாந்தர் காப்பியத்தில் வருகின்றனர், பேசுகின்றனர், அவருள் நல்லவர்களும் உளர். அவர்களின் இழப்புக்கு மட்டும் இவ்வாறு நின்று அழும் ஓர் இடம் அங்கே இல்லை.

இனி, காப்பியத்தில் ஏறாத அந்தக் கப்பலுக்கு வருகிறேன்.

1502இல் வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை வந்தார். இம்முறை காணிக்கைத் தொப்பிகளோடு அன்று, போர்க்கப்பல் அணியோடு. இன்றைய கண்ணூர் மாவட்டத்து ஏழிமலைக்கு அப்பாலுள்ள கடலில் அவர் காத்திருந்தார். நம் சங்கப் புலவர்கள் நன்னனின் ஏழிற்குன்றம் என்று பாடினார்களே, அதே மலைதான். மெக்காவுக்குச் சென்று கோழிக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்னும் கப்பல் அங்கே சிக்கியது. ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளுமாகச் சில நூறு பேர் அதில் இருந்தனர். பயணிகளுள் ஒருவரான பெருவணிகர் பெரும் மீட்புப் பொருள் தர முன்வந்தார். காமா ஏற்கவில்லை. சரக்குகளை எடுத்துக்கொண்டபின், மக்களோடு கப்பலைக் கொளுத்த ஆணையிட்டார். உள்ளே இருந்தவர்கள் தீயை அணைத்தனர். கையில் கிடைத்ததைக் கொண்டு போரிட்டனர். முடிவில் அக்டோபர் 3ஆம் நாள் கப்பல் எரிந்தது.

இது நமக்கு எவ்வாறு தெரியவந்தது? அந்த அணியிலேயே எழுத்தராகப் பணியாற்றிய தோமே லோபஸ் என்னும் போர்ச்சுக்கீசியர் எழுதிவைத்த குறிப்பால் தெரியவந்தது. மேல்தளத்தில் நின்ற பெண்கள் தம் நகைகளைக் கழற்றி உயர்த்திக் காட்டியதையும், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டதையும் அவர் எழுதுகிறார். இது கொடுஞ்செயல் என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. அந்த நாளை வாழ்நாள் முழுதும் மறக்கமாட்டேன் என்றும் எழுதுகிறார். அவர் எழுதிய மூலம் பின்னர் மறைந்துபோயிற்று. 1550இல் வெனிசில் ரமூசியோ வெளியிட்ட பயணத் தொகுப்பில் இத்தாலிய மொழிபெயர்ப்பாக அது உயிர்பிழைத்தது.

நண்பர்களே, இங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன். மிளகு மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுத அனுப்பப்பட்ட ஒருவர் தூக்கிக் காட்டப்பட்ட குழந்தைகளைக் கண்டார், எழுதினார். ஒரு நாட்டின் தலையாய கவிஞர் பதினேழு ஆண்டுகள் இந்தக் கீழைக்கடல்களில் வாழ்ந்தும் அந்தத் தீக்கு ஓர் இரங்கற் செய்யுள் எழுதவில்லை. முதற்பயணமே காப்பியப் பொருள் என்று அமைதி கூறலாம். ஆனால் பின்வரும் வெற்றிகளையெல்லாம் பத்தாம் காண்டத்தில் தேவமகளிர் வாயால் முன்னுரைக்கக் கவிஞர் வழி கண்டிருக்கிறார். வழி இருந்தது, அழைப்பு இல்லை.

அந்த விடுபாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. காப்பியத்தின் இறுதியில் கமோயன்ஸ் இளவரசராயிருந்து அரியணை ஏறிய செபஸ்தியான் மன்னரை மொராக்கோ மீது படையெடுக்கத் தூண்டுகிறார். அவ்வெற்றியைத் தாம் பாடுவதாகவும் வாக்களிக்கிறார். மன்னருக்கு அப்போது வயது 18. ஆண்டுக்கு 15,000 ரெய்ஸ் கவிஞருக்கு உதவித்தொகையாயிற்று. 1578இல் மன்னர் மொராக்கோவுக்குப் படை நடத்தினார். அல்காசர் கிபீர்க் களத்தில் படையோடு அழிந்தார். பாட்டு மட்டுமே அவரை அங்கே அனுப்பியது என்று நான் சொல்லமாட்டேன். தடுக்கும் முதியவரின் குரலைப் படைத்த அதே கவிஞர், முடிவில் அம்முதியவரை மறந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். 1580இல் கமோயன்ஸ் மறைந்தார். அதே ஆண்டு போர்ச்சுகலின் மணிமுடி ஸ்பெயின் மன்னரிடம் சென்றது.

மறுகரை ஊமையாக இருந்ததா? இல்லை. 1571இல் கோழிக்கோட்டுக்கு அருகிலிருந்த சாலியம் கோட்டையைச் சாமூதிரி போர்ச்சுக்கீசியரிடமிருந்து வென்றார். அவ்வெற்றியைக் கோழிக்கோட்டுக் காஜி முகம்மது 'பத்ஹுல் முபீன்' என்னும் அரபுக் கவிதையாகப் பாடினார். இந்து மன்னர் ஒருவரை இசுலாமியப் புலவர் ஒருவர் அரபு மொழியில் பாடிய பாட்டு அது. கோட்டை விழுந்தது 1571. லிஸ்பனில் காப்பியம் அச்சேறியது 1572. ஒரே கடலைப் பற்றி எழுந்த இவ்விரு பாட்டுகளுள் உலகம் எதை அறியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கமோயன்சைக் குற்றக்கூண்டில் நிறுத்திவிட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்புவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. நமக்கும் பரணி உண்டு. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழட்டு உண்ணும் அழகில் மயங்கும் நாம், கலிங்கத்துத் தாயர் அன்றிரவு என்ன சமைத்தனர் என்று கேட்டதுண்டா? அதேவேளையில், தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் பாடலைப் புறநானூற்றில் சேர்த்து வைத்தவர்களும் நம் முன்னோரே. வென்ற மூவேந்தரின் புகழ் நிறைந்த தொகைநூலிலேயே, தோற்ற வீட்டுப் பெண்களின் குரலையும் அவர்கள் காத்தனர். அந்தத் தொகுப்பாளரின் மனமே நமக்கு வேண்டும்.

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கவிதைகள் படித்திருக்கிறோம். ஓசையையும் உவமையையும் பற்றி வாதிட்டிருக்கிறோம். பதினோராம் ஆண்டில் இன்னும் ஒரு கேள்வியையும் ஒருவரையொருவர் கேட்கப் பழகுவோம்: இந்தக் கவிதையில் கரையேறாத கப்பல் எது? அதன் தளத்தில் யார் குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்?